சும்மா கிடக்கும் அரசு நிலம்: விற்பதா, குத்தகைக்கு விடுவதா?

தண்டலத்தில் தொடங்கி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் வரை இன்று சாலையோரமெங்கும் தொழிற்சாலை மதில்கள். உள்ளே இருக்கும் நிலமெல்லாம் அந்தந்தக் கம்பெனிகளுக்கே சொந்தம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிப்காட் பூங்காக்களுக்குள் இருக்கும் நிலம் பெரும்பாலும் அப்படியல்ல. அரசு கையகப்படுத்தி, 1971இல் தொடங்கப்பட்ட தனது சிப்காட் நிறுவனத்தின் வழியாக, 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த நிலம் அது. தொழிற்சாலைக் கட்டடம் கம்பெனியுடையது. அடியில் இருக்கும் மண் மக்களுடையது.

இந்த வேறுபாட்டை இப்போது நாம் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பயன்படாமல் கிடக்கும் அரசு நிலங்களையும் கட்டடங்களையும் விற்பது, குத்தகைக்கு விடுவது பற்றிய செய்திகள் சில ஆண்டுகளாக அடிக்கடி வருகின்றன. ‘சும்மா கிடப்பதை விற்றால் என்ன தப்பு?’ என்று சிலர் கேட்கிறார்கள். ‘நாட்டையே விற்கிறார்கள்’ என்று சிலர் கொதிக்கிறார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். நடப்பது என்ன, இதில் மார்க்கம் நமக்குத் தரும் அளவுகோல் என்ன என்று நிதானமாகப் பார்ப்போம்.

அரசு செய்வது என்ன?

2021 ஆகஸ்ட் 23 அன்று ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ‘தேசிய பணமாக்கல் திட்டத்தை’ வெளியிட்டார். நான்கு ஆண்டுகளில் 6 லட்சம் கோடி ரூபாய் என்பது அதன் இலக்கு. சாலை, ரயில், மின்கடத்திப் பாதை, துறைமுகம் போன்றவற்றை ஒரு காலவரைக்குத் தனியாரிடம் நடத்தக் கொடுத்து, முன்பணமும் பங்கும் பெறுவதுதான் அத்திட்டம். உரிமை அரசிடமே இருக்கும், காலம் முடிந்ததும் சொத்து திரும்பி வரும் என்று அரசு சொன்னது. அடுத்த கட்டமாக 2025 முதல் 2030 வரை 10 லட்சம் கோடி ரூபாய் என்று 2025 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது.

நிலமும் கட்டடமும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்குத் தனி ஏற்பாடு செய்தார்கள். 2022 மார்ச்சில் ‘தேசிய நிலப் பணமாக்கல் கழகம்’ என்ற முழு அரசு நிறுவனத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல்., பெமல், எச்.எம்.டி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் தங்களுக்குத் தேவையில்லை என்று குறித்துக் கொடுத்தது ஏறத்தாழ 3,400 ஏக்கர் என்று அப்போது அரசு தெரிவித்தது. நிலத்தைப் பொறுத்தவரை குத்தகை மட்டுமல்ல, நேரடி விற்பனையும் நடக்க முடியும். நம் கவனம் குவிய வேண்டிய இடம் இதுதான்.

மாநில அளவில் வேறு சொற்கள் புழங்குகின்றன. வீடற்ற ஏழைக்கு மனைப்பட்டா தருவது ‘ஒப்படை’. ஒரு துறைக்கோ நிறுவனத்துக்கோ நிலத்தின் உரிமையையே மாற்றித் தருவது ‘நில மாற்றம்’. காலவரையும் வாடகையும் வைத்துத் தருவது ‘குத்தகை’. செய்தித்தாளில் ‘அரசு நிலம் வழங்கப்பட்டது’ என்று படித்தால், இவற்றில் எது என்று முதலில் கேட்க வேண்டும். ஒப்படை ஏழையின் தலைக்கு மேல் கூரை. அதையும் ஒரு பெரும் நிறுவனத்துக்கான நில மாற்றத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக்கூடாது.

ஆட்சியாளர் உரிமையாளரா, பொறுப்பாளரா?

மார்க்கத்தின் பார்வை இங்கே மிகத் தெளிவு. பைத்துல்மாலின் சொத்து ஆட்சியாளரின் சொந்தச் சொத்து அல்ல. அது அவரிடம் உள்ள அமானிதம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பொதுச் சொத்து விஷயத்தில் தம் நிலையை அநாதையின் சொத்துக்குப் பொறுப்பேற்றவரின் நிலையோடு ஒப்பிட்டுச் சொன்னார்கள். வசதி இருந்தால் அதைத் தொடாமல் விலகியிருப்பதும், தேவை வந்தால் நியாயமான அளவே எடுத்துக்கொள்வதும்தான் அந்த நிலை.

இந்த ஒப்பீடு வெறும் பணிவுச் சொல் அல்ல. சட்டமாகவே பின்னர் விரிந்தது. அநாதையின் அசையாச் சொத்தைப் பொறுப்பாளர் எப்போது விற்கலாம்? பிற்கால ஹனஃபி ஃபுகஹாக்கள் குறுகிய பட்டியல் ஒன்றைத் தந்தார்கள்: அநாதையின் செலவுக்கு வேறு வழி இல்லாதபோது, கடனைத் தீர்க்க வேறு பணம் இல்லாதபோது, சொத்து அழிந்துவிடும் என்ற அச்சம் இருக்கும்போது, அல்லது இரு மடங்கு விலை கிடைக்கும்போது. வெறுமனே ‘சும்மா கிடக்கிறது’ என்ற காரணம் போதாது. பைத்துல்மாலின் நிலத்தை இமாம் விற்பது பற்றிப் பேசியபோதும் இதே அளவுகோலை அவர்கள் கையில் எடுத்தார்கள். ஆக, பொதுநிலத்தை விற்பது எந்நிலையிலும் ஹராம் என்று மார்க்கம் சொல்லவில்லை. விற்பவர்தான் அவசியத்தை நிரூபிக்க வேண்டும் என்கிறது.

இராக்கின் ஸவாத் நிலம் முஸ்லிம்களின் கைக்கு வந்தபோது, அதைப் படையினருக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்று மூத்த ஸஹாபாக்களில் சிலரே வலியுறுத்தினார்கள். உமர் (ரலி) அவர்கள் ஏற்கவில்லை. அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் வசனங்களை முன்வைத்து, பின்னால் வரப்போகும் தலைமுறைகளுக்கும் இதில் பங்கு உண்டு, இன்றே பிரித்துவிட்டால் அவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று வாதிட்டார்கள். முடிவில் உழுதவர்களிடமே நிலம் இருந்தது; அதன் கராஜ் வரி ஆண்டுதோறும் பைத்துல்மாலுக்கு வந்தது. மூலச் சொத்தைக் கைவிடாமல் வருமானத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழி அது.

நம் நாட்டின் நீதிமன்றங்களும் இதற்கு அருகில்தான் நிற்கின்றன. பியாஸ் ஆற்றங்கரை நிலம் ஒரு தனியார் விடுதிக்குக் குத்தகைக்கு விடப்பட்ட வழக்கில், இயற்கை வளங்களுக்கு அரசு பொறுப்பாளர் மட்டுமே, மக்களே பயனாளிகள் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் ஏற்றுக்கொண்டு அந்தக் குத்தகையை ரத்து செய்தது. அமானிதம் என்று நாம் சொல்வதன் சட்ட வடிவம் இது.

பொறுப்பாளர் என்றான பிறகு, அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

முதல் கேள்வி: உண்மையிலேயே சும்மா கிடக்கிறதா?

கோப்பில் ‘பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதப்பட்ட நிலம் களத்தில் பயன்பாட்டில் இருக்கலாம். புறம்போக்கு என்ற சொல்லையே நாம் திட்டுவதற்குப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். வரி விதிப்புக்குப் புறம்பாக, ஊரின் பொதுத் தேவைக்கு ஒதுக்கிவைத்த நிலம் என்பதே அதன் பொருள். மேய்க்கால், களத்துமேடு, வண்டிப்பாட்டை, தோப்பு, சுடுகாடு, இடுகாடு, ஏரி, ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய் எல்லாம் அதில் அடங்கும். மேய்ச்சல் நிலம், களம், மயானம் போன்ற புறம்போக்குகளை 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சியின் பொறுப்பில் வைத்திருக்கிறது. ஆடு மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு மேய்க்கால் ‘காலி இடம்’ அல்ல. செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டி வாழும் நமக்கு, தண்ணீர் வராத மாதங்களில் காய்ந்து கிடக்கும் வரத்துக் கால்வாய் எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. 2015 டிசம்பரை யாரும் மறக்கவில்லை.

2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் முக்கியத் தீர்ப்பு ஒன்றைத் தந்தது. பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை மண்ணடித்துத் தூர்த்து வீடு கட்டியிருந்தார்கள். அவர்களை வெளியேற்ற உத்தரவிட்டதோடு, ஊர்ப் பொதுநிலங்களை மீட்டு ஊராரிடம் ஒப்படைக்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் நீதிமன்றம் கட்டளையிட்டது. தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ஆம் ஆண்டின் சட்டம் ஏற்கெனவே இருந்தது.

ஆனால் 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டம் வேறு திசையில் போகிறது. 100 ஹெக்டேருக்குக் குறையாத, அரசு ‘சிறப்புத் திட்டம்’ என அறிவிக்கும் திட்டங்களுக்காக, இடையில் இருக்கும் நீர்நிலை உள்ளிட்ட அரசு நிலங்களையும் சேர்த்து ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது. விவசாய அமைப்புகளும் சூழலியலாளர்களும் அதை எதிர்த்தார்கள். பெரிய திட்டங்கள் வரிசையில் நிற்கும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களான நாம் இந்தச் சட்டத்தின் பெயரையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்று திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் பதிவாகியிருக்கிறது. அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) என்ற தோழர் மஃரிபில் உள்ள ஓர் உப்பு வளத்தைத் தமக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டார், நபியவர்கள் கொடுத்தார்கள். அவர் திரும்பிச் சென்றதும் சபையில் இருந்த ஒருவர், அது உழைப்பின்றியே கிடைக்கும் வற்றாத வளம் என்று விளக்கினார். உடனே நபியவர்கள் அந்த ஒதுக்கீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எல்லோரும் பயன்பெறும் வளத்தைத் தனி ஒருவருக்கு ஒதுக்கக்கூடாது என்று ஃபுகஹாக்கள் இதிலிருந்து சட்டம் எடுத்தார்கள். இன்னொரு பாடமும் இதில் உண்டு. களம் தெரிந்த ஒருவர் எழுந்து சொன்னார். கொடுத்த உத்தரவு மாறியது. ஊர் மக்களிடம் கேட்காமல் ‘பயன்பாட்டில் இல்லை’ என்று முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

இரண்டாம் கேள்வி: நியாயமான விலையா, வாடகையா?

சென்னை கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 160.86 ஏக்கர் அரசு நிலம் 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை சுமார் 614 ரூபாய். மாநகரின் நடுவில் ஓர் ஏக்கருக்கு ஆண்டுக்கு நான்கு ரூபாய்கூட இல்லை. 1970இல் அரசு வாடகையை உயர்த்த முற்பட்டது; அதிலிருந்து வழக்குதான். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் 730.86 கோடி ரூபாய் பாக்கியைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்தைப் பூட்டியது. அங்கே மழைநீர் தேங்கும் குளங்களும் பூங்காவும் அமையும் என்றது. வழக்கு அதன் பிறகும் நீண்டது. குதிரைப் பந்தயச் சூதாட்டத்துக்கு இவ்வளவு மலிவாக மக்கள் நிலம் போனது முஸ்லிம்களாகிய நமக்கு இரட்டை வேதனை. ஆனால் சூதாட்டத்தை ஒதுக்கிவைத்தாலும் கோளாறு அப்படியே இருக்கிறது: 99 ஆண்டுக்கு வாடகையை முன்கூட்டியே கட்டிப்போட்டால், பின்னால் வரும் மூன்று தலைமுறையின் பணத்தை இன்றே விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

விற்பனையில் நடந்ததையும் பாருங்கள். மும்பை விமான நிலையத்துக்கு அருகில் அரசு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த சென்டார் ஓட்டல் 2002இல் 83 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. வாங்கியவர்கள் சில மாதங்களிலேயே அதை 115 கோடிக்கு வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்றினார்கள். அந்த 32 கோடி யாருடைய பணம்? மதிப்பீடு சரியாக நடந்திருந்தால் கஜானாவுக்கு வந்திருக்க வேண்டியது.

அதே 2002இல் வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் 25 சதவீதப் பங்கும் நிர்வாகமும் டாட்டா குழுமத்துக்குப் போனபோது அரசு கொஞ்சம் விழித்துக்கொண்டது. தொழிலுக்குத் தேவைப்படாத 773 ஏக்கர் உபரி நிலம் விற்பனையில் சேராது, தனியே பிரிக்கப்பட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. தில்லி, புனே, கொல்கத்தாவோடு நம் செங்குன்றம் பக்கத்துப் பாடியநல்லூர் நிலமும் அதில் உண்டு. நிலத்துக்காக ஹெமிஸ்பியர் பிராப்பர்ட்டீஸ் என்று ஒரு நிறுவனம் 2005இல் பதிவானது. ஆனால் நிலம் முறையாகப் பிரிந்து வந்து அந்நிறுவனப் பங்குகள் சந்தையில் பட்டியலாக 2020 ஆகிவிட்டது. நிபந்தனை நிலத்தைக் காப்பாற்றியது. தாமதம் அதே நிலத்தைப் பதினெட்டு ஆண்டு சும்மா போட்டது. அமானிதத்தை விற்காமல் இருப்பது பாதிக் கடமைதான். அதை வீணாக்காமல் இருப்பது மீதிப் பாதி.

ஃபிக்ஹில் இதற்கு ‘உஜ்ரத்துல் மிஸ்ல்’ என்று பெயர். அதே போன்ற சொத்துக்கு அந்தக் காலத்தில், அந்த ஊரில் கிடைக்கும் வாடகை என்று பொருள். வக்ஃபு, அநாதை, பைத்துல்மால் சொத்துகளை வெளிப்படையாகத் தெரியும் நஷ்டத்தில் வாடகைக்கு விடும் அதிகாரம் பொறுப்பாளருக்கு இல்லை. குத்தகைக் காலத்தையும் சுருக்கினார்கள். வக்ஃபு வீடு, கடை என்றால் ஓராண்டு, விவசாய நிலம் என்றால் மூன்றாண்டு என்பது பிற்கால ஹனஃபி ஃபுகஹாக்களின் பொதுவான வரம்பு. நெடுங்காலம் ஒருவர் கையில் இருந்தால் அவரே உரிமையாளர் என்று ஊர் நம்பத் தொடங்கிவிடும் என்பது அவர்களின் அச்சம். கிண்டியைப் பார்த்தவர்கள் அந்த அச்சத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். பெரிய தொழிற்சாலைக்கு மூன்றாண்டுக் குத்தகை நடைமுறையில் ஆகாது என்பது உண்மை. ஆனால் காலம் நீளும்போது வாடகையை அவ்வப்போது மாற்றும் விதியும் கூடவே வேண்டும்.

மூன்றாம் கேள்வி: கேட்ட காரியத்துக்குப் பயன்படுகிறதா, இல்லையேல் திரும்பி வருமா?

இதற்கான உதாரணம் நம் கண்ணெதிரே இருக்கிறது. 2005இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்த நோக்கியா, 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் செல்போன் உற்பத்தியை ஆரம்பித்தது. 200 ஏக்கருக்கும் அதிகமான சிறப்புப் பொருளாதார மண்டலம் அது. ஆயிரக்கணக்கான இளம்பெண்களும் இளைஞர்களும் வேலைக்கு வந்தார்கள். கம்பெனி பஸ்களும் விடுதிகளும் மெஸ்களும் பெருகின. நோக்கியா தன் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வருமான வரித் தகராறில் முடக்கப்பட்டிருந்த இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஒரே தொழிலை நம்பிய பல வீடுகளில் அடுப்பு அணைந்தது.

ஏறக்குறைய ஐந்தாண்டுகள் அந்தக் கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன. பிறகு 2019 நவம்பரில், சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் ஆலையை எடுத்துக்கொள்கிறது, ஐந்தாண்டில் 2,000 கோடி ரூபாய் முதலீடு, 10,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு வந்தது. அந்த இடம் மறுபடியும் தொழிற்சாலையாகவே உயிர் பெற்றது. தொழிலுக்கென்று நிபந்தனையோடு தந்த குத்தகை நிலம் அது. முழு விற்பனையாகப் பட்டா மாற்றியிருந்தால், வரிக் கடனில் அடைத்தோ துண்டு போட்டோ வீட்டு மனையாக விற்றோ முடித்திருக்கலாம். நிபந்தனை இருந்தது நல்லது. ஆனால் அந்த ஐந்தாண்டு ஏன் வீணானது என்ற கேள்வியையும் நாம் விட்டுவிடக் கூடாது. பூட்டிய ஆலையின் நிலம் எத்தனை மாதத்தில் அரசிடம் திரும்ப வேண்டும், வேலை இழந்தவர்களுக்கு அடுத்து வருபவர் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் ஒப்பந்தத்தின் முதல் நாளிலேயே எழுதிவைக்க வேண்டும்.

பிலால் இப்னுல் ஹாரிஸ் அல்முஸனீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களே அகீக் பள்ளத்தாக்கில் பெரும் நிலம் ஒதுக்கித் தந்திருந்தார்கள். உமர் (ரலி) ஆட்சியில், அதில் பயிர் செய்ய முடிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரும்படி அவரிடம் கூறப்பட்டது, திருப்பியும் பெறப்பட்டது. நிலத்தை வளைத்து எல்லைக்கல் நட்டுவிட்டு மூன்றாண்டு சும்மா போட்டவருக்கு அதில் உரிமை இல்லை என்பதும் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பே. நபியவர்களின் கையால் கிடைத்த நிலத்துக்கே இந்தச் சட்டம் என்றால், சலுகை விலையில் நிலம் வாங்கிக் கம்பிவேலி போட்டு விலையேற்றத்துக்குக் காத்திருக்கும் இன்றைய கம்பெனிகளுக்கு என்ன சட்டம்? குறித்த காலத்துக்குள் தொழில் தொடங்காத மனையைத் திரும்பப் பெறும் அதிகாரம் சிப்காட்டுக்கு உண்டு. அதிகாரம் இருப்பது வேறு, உமரைப் போல் அதைச் செயல்படுத்துவது வேறு.

குத்தகை திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சென்னையிலேயே சாட்சி உண்டு. கதீட்ரல் சாலையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்திடம் இருந்த நிலத்தில்தான் பல பத்தாண்டுகள் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் நடந்தது. 2008இல் அரசு அந்த இடத்தை மீட்டது. 2010 நவம்பரில் அது செம்மொழிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. முன்னமே விற்றிருந்தால் இன்று அங்கே குழந்தைகள் விளையாட இடம் இருந்திருக்காது.

நான்காம் கேள்வி: யாருக்குப் போகிறது?

பொது மேய்ச்சல் காடுகளை ‘ஹிமா’ என்று ஒதுக்கிப் பாதுகாப்பது நபிவழி. அப்படிப்பட்ட ஒரு ஹிமாவுக்குப் பொறுப்பாளரை நியமித்தபோது உமர் (ரலி) அவர்கள் சொன்ன அறிவுரை புகாரியில் இருக்கிறது. சில ஒட்டகமும் சில ஆடும் வைத்திருக்கும் எளியவர்களை உள்ளே விடுமாறும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்ஃபான் (ரலி) போன்ற செல்வந்தர்களின் மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்குமாறும் கூறினார்கள். காரணத்தையும் விளக்கினார்கள். செல்வந்தரின் கால்நடை செத்தால் அவருக்குத் தோட்டமும் பேரீச்ச மரமும் இருக்கும். ஏழையின் ஆடு செத்தால் பிள்ளைகளோடு கலீஃபாவிடம் வந்து நிற்பார். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இப்போது புல்லும் தண்ணீரும் கொடுப்பது எளிது. ஒதுக்கப்படுபவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். சுவர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட இரு தோழர்கள். அவர்களை உமர் (ரலி) தாழ்த்தவில்லை. பொதுநிலத்தில் ஏழைக்கே முதல் உரிமை என்றார்கள்.

நம் பகுதியில் ஒரு பன்னாட்டுக் கம்பெனிக்கு நூறு ஏக்கர் கிடைப்பது எளிதாகவும், நாலு லேத் வைத்துச் சிறு பட்டறை நடத்துபவருக்கு நாலு சென்ட் கிடைப்பது அரிதாகவும் இருந்தால், அளவுகோல் தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம். அரசு ‘உபரி’ என்று கருதும் ஒவ்வொரு நிலத்திலும், வெளிமாநிலத் தொழிலாளர்கள் பத்துப் பேர் ஓர் அறையில் அடைந்து கிடக்கும் இந்த வட்டாரத்துக்குத் தொழிலாளர் குடியிருப்பு, அரசுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், மயானம் ஆகியவை வேண்டாமா என்று முதலில் பார்க்க வேண்டும். மிஞ்சியதற்குப் பிறகுதான் ஏலம்.

நம் வீட்டைப் பார்ப்போம்

இத்தனை கேள்விகளை அரசிடம் கேட்கும் தகுதி நமக்கு எங்கிருந்து வரும்? வக்ஃபு சொத்துகளை நாம் நடத்தும் விதத்திலிருந்துதான். 2006இல் சச்சார் குழு சொன்ன கணக்கை நினைவூட்டுகிறோம். நாடு முழுவதும் பதிவான வக்ஃபு சொத்துகள் 4.9 லட்சம், சுமார் 6 லட்சம் ஏக்கர், சந்தை மதிப்பு சுமார் 1.2 லட்சம் கோடி ரூபாய். 10 சதவீத வருவாய் என்று வைத்தாலே ஆண்டுக்கு 12,000 கோடி வர வேண்டும். வந்தது சுமார் 163 கோடி. பல சொத்துகளை அரசுத் துறைகளே வைத்திருந்தன என்பதையும் அந்த அறிக்கை பட்டியலிட்டது. ஆனால் முழுப் பழியையும் அரசின் மீது போட முடியாது. தாத்தா காலத்து வாடகையில் பள்ளிவாசல் கடையை வைத்துக்கொண்டு, அதையே உள்வாடகைக்கு விட்டுப் பல மடங்கு சம்பாதிப்பவர்கள் நம் ஜமாஅத்துகளில் இல்லையா? ரேஸ் கிளப்பின் 614 ரூபாயைப் பேசும் நாவுக்கு வக்ஃபு கடையின் முந்நூறு ரூபாயையும் பேசும் துணிவு வேண்டும்.

சட்டத்திலும் இவ்விரண்டும் இன்று ஒன்றையொன்று உரசுகின்றன. வக்ஃபு சொத்தை விற்பதையும் தானம் செய்வதையும் அடமானம் வைப்பதையும் 2013 திருத்தம் செல்லாது என்று ஆக்கியது. குத்தகை மட்டுமே வழி. 2025 வக்ஃபு திருத்தச் சட்டமோ, அரசு சொத்து என அடையாளம் காணப்படுவது வக்ஃபு ஆகாது என்கிறது. அந்த விசாரணையில் அரசு அதிகாரியே முடிவெடுத்துப் பதிவேடுகளைத் திருத்த வைக்கும் பிரிவுகளை 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்திவைத்தது. ஆகவே ‘இது அரசு நிலம்’, ‘இது வக்ஃபு நிலம்’ என்பது இனி ஆவணம் பேசும் விஷயம். நம் பள்ளிவாசல், மையவாடி ஆவணங்கள் ஒழுங்காக இருக்க வேண்டியது இதனாலும்தான்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். அனுமதியின்றி அரசு நிலத்தில் பள்ளிவாசலோ மதரஸாவோ எழுப்புவதை மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. மதீனாவில் பள்ளிவாசலுக்கான இடம் இரு அநாதைகளுடையது. இலவசமாகத் தருவதாகச் சொன்னபோதும் நபி (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே பெற்றார்கள்.

நாம் செய்யக்கூடியவை

கோபப்பட்டு முகநூலில் எழுதுவதைவிடப் பயனுள்ள சில வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, ஒரு நிலம் அரசுடையதா என்று சர்வே எண்ணைக் கொண்டு தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்க்கலாம். ‘அ’ பதிவேட்டின் நகலும் அங்கே கிடைக்கும். மேய்க்காலா, நத்தமா, ஏரியா, மயானமா என்ற வகைப்பாடு அதில் இருக்கும்.

இரண்டு, குத்தகையின் காலம், வாடகை, நிபந்தனை, அரசாணை எண் ஆகியவற்றை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

மூன்று, கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் நடக்கிறது. மஃரிப் உப்பு வளம் பற்றி எழுந்து சொன்ன அந்த மனிதரின் இடம் இன்று கிராம சபைதான். மாற்றுமதச் சகோதரர்களோடு சேர்ந்து ஊரின் ஏரிக்காகவும் மயானத்துக்காகவும் பேசுவது நம் கடமை; அது நம் மையவாடிக்கும் பாதுகாப்பு.

நான்கு, ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் வக்ஃபு சொத்துப் பட்டியலையும் வாடகையையும் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். வெளிப்படைத்தன்மையை அரசிடம் கேட்பதற்கு முன் நாம் காட்டிவிடலாம்.

பயன்படாத நிலம் பயன்பட வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பு இல்லை. அதற்கு முதல் வழி குத்தகை. விற்பனை கடைசி வழி, அதுவும் அவசியம் நிரூபிக்கப்பட்ட பிறகு. குத்தகையிலும் ஊரைக் கேட்டு, நியாயமான வாடகை வைத்து, திரும்பி வரும் நிபந்தனையோடு, எளியவருக்கு முதலிடம் தந்து கொடுக்க வேண்டும். அநாதையின் சொத்தைக் கையில் வைத்திருப்பவர் எப்படி நடந்துகொள்வாரோ அப்படி.

பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும், வக்ஃபு முத்தவல்லி முதல் நாட்டை ஆள்பவர்வரை, தம் பொறுப்பில் உள்ளதைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவார்கள். அந்த விசாரணையில் தப்பிக்கும் விதத்தில் அமானிதங்களைப் பேண வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.